ஆமைக் கணக்கு

“ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது” என்று எங்கள் பாட்டி அடிக்கடி சொல்வாள். பகவான் புண்ணியத்தில் எங்கள் வீட்டில் இதுவரை அமீனா புகுந்ததில்லை. ஆமை புகுந்துவிட்டது. 2024-ம் வருஷம், பொங்கல் கழிந்த மறுவாரம், என் பெண்ணின் செல்போன் வழியாக.

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது அவள் ரசத்தைப் பிசைந்துகொண்டே, “அப்பா, சனிக்கிழமை நான் கடற்கரைக்குப் போகிறேன்” என்றாள்.

“பேஷாய்ப் போ. எட்டு மணிக்குள் வீடு திரும்பிவிடு” என்றேன்.

“எட்டு மணிக்குக் கிளம்பவே மாட்டோமே! பதினொன்றரைக்கு நீலாங்கரையில் எல்லோரும் கூடுகிறோம். அங்கிருந்து பெஸன்ட் நகர் வரைக்கும் கடலோரமாகவே நடை. ஏழு கிலோமீட்டர். முடிய விடியற்காலை நாலு மணி ஆகும்.”

என் சகதர்மிணி மோர் ஊற்றுவதை நிறுத்தினாள். “எதற்காம் இந்த நடை?”

“ஆமை முட்டையைத் தேடுவதற்கு, அம்மா.”

அதன் பிறகு பத்து நிமிஷம் நடந்த வாக்குவாதத்தை இங்கே நான் எழுதப்போவதில்லை. பெண் குழந்தைகள் உள்ள வீடுகளில் அது எப்படி இருந்திருக்கும் என்று சொல்லாமலே தெரியும். பி.காம். இரண்டாம் வருஷம் படிக்கிறவளுக்கும் ஆமைக்கும் என்ன சம்பந்தம் என்று தொடங்கி, நாளைக்கு வரப்போகிற சம்பந்திகள் என்ன நினைப்பார்கள் என்பது வரைக்கும் போயிற்று. நடுவில் சமாதானம் செய்கிறேன் பேர்வழி என்று நான் வாயைத் திறந்தேன். “வேண்டுமானால் துணைக்கு நானும் போய்விட்டு வருகிறேனே” என்றேன்.

இருவரும் ஏககாலத்தில் “சரி” என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் வீட்டில் இவர்கள் இருவரும் ஒரே விஷயத்துக்கு ஒரே நேரத்தில் சம்மதித்தது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை.

இப்படியாக, அறுபத்திரண்டு வயதில், முழங்காலில் வலியும் கையில் பென்ஷன் புத்தகமுமாக, அடியேன் ஆமைப் படையில் சேர்ந்தேன்.

கடற்கரை மணலில் ஏழு கிலோமீட்டர் நடப்பது சாலையில் ஏழு கிலோமீட்டர் நடப்பதைப் போன்றதல்ல. கரை ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். ஒரு கால் மேட்டில், ஒரு கால் பள்ளத்தில். பாலவாக்கம் வருவதற்குள் என் இரண்டு கால்களும் வெவ்வேறு நீளமாகிவிட்டனவோ என்று சந்தேகம் வந்துவிட்டது. டார்ச் விளக்கைப் போடலாம் என்றால் அதற்கும் தடை. வெளிச்சத்தைக் கண்டால் கரைக்கு வரும் ஆமை முட்டையிடாமலே திரும்பிவிடுமாம். ஆகையால் நட்சத்திர வெளிச்சத்தில் தட்டுத் தடுமாறி நடந்தேன். வழியில் படுத்திருந்த நாயை மிதித்ததும் அப்படித்தான். அந்த நாய் மிகவும் பெருந்தன்மையாக நடந்துகொண்டது.

கூட வந்தவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர். ஒருவன் வைத்தியக் கல்லூரி மாணவன். இன்னொருவன் குளிர்சாதனப் பெட்டி பழுது பார்க்கிறவன். பகலெல்லாம் ஏணியில் ஏறி இறங்கிவிட்டு ராத்திரி இங்கே வந்திருந்தான். பள்ளிக்கூடப் பையன் ஒருவன், அவனுடைய அக்கா. யாருக்கும் ஒரு சல்லிக் காசு சம்பளம் கிடையாது. ஜனவரி முதல் ஏப்ரல் வரை தினந்தோறும் யாராவது சிலர் இந்தக் கரையில் நடக்கிறார்கள். வேடிக்கை பார்க்க வருகிற என்னைப் போன்றவர்களுக்கு வாரக் கடைசியில்தான் இடம்.

இதன் பூர்வ கதையை அந்த வைத்திய மாணவன் நடந்துகொண்டே சொன்னான். 1970-களில் சென்னைப் பாம்புப் பண்ணையைத் தொடங்கிய ராமுலஸ் விட்டேக்கரும் அவரோடு இருந்த இளைஞர்கள் சிலரும்தான் முதன்முதலில் இந்தக் கரையில் இரவில் நடந்து ஆமைக் கூடுகளைத் தேடியவர்கள். பிறகு சில வருஷங்கள் வனத்துறை பொரிப்பகம் நடத்திற்று. அது நின்ற பின், 1988-ல் கல்லூரி மாணவர்கள் சிலர் சேர்ந்து ‘மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் குழு’ என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். வனத்துறையின் அனுமதியோடு நடக்கிற காரியம். அன்றைய மாணவர்களுக்கு இன்று தலை நரைத்துவிட்டது. ஆனாலும் ஒவ்வொரு வருஷமும் புதிதாக மாணவர்கள் வந்துகொண்டேயிருக்கிறார்கள்.

அந்த முதல் இளைஞர்களில் ஒருவர் சதீஷ் பாஸ்கர். இங்கே ஐ.ஐ.டி.யில் இஞ்ஜினீயரிங் படிக்க வந்தவர், படிப்பை விட்டுவிட்டு ஆமைகளின் பின்னால் போய்விட்டார். (இந்த இடத்தில் நான் என் பெண்ணை ஓரக் கண்ணால் பார்த்தேன்.) 1982-ல் லட்சத்தீவில் மனித வாசமே இல்லாத ஒரு தீவில், மழைக்காலம் முழுவதும் தன்னந்தனியாக இருந்து ஆமைகளைக் கவனித்தாராம். அங்கிருந்து மனைவிக்குக் கடிதம் எழுதி, புட்டிக்குள் போட்டு அடைத்துக் கடலில் எறிந்தார். அது இலங்கையில் ஒரு மீனவர் கையில் கிடைத்து, அவர் அதைத் தபாலில் சேர்த்து, மனைவிக்குப் போயும் சேர்ந்துவிட்டது. நம்முடைய கடிதங்கள் மந்தைவெளியிலிருந்து மாம்பலத்துக்குப் போய்ச் சேருவதற்கே சில சமயம் அவ்வளவு நாள் ஆகிறது!

முதல் ராத்திரி எங்கள் கண்ணில் ஒன்றும் படவில்லை. இரண்டாம் தடவையும் இல்லை. கொட்டிவாக்கத்தில் படகுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வயதான மீனவர் ஒருவர் எங்களைப் பார்த்து, “இன்னா பாப்பா, இன்னிக்கும் ஒண்ணும் ஆப்பிடலியா? மாசி பொறக்கட்டும். பங்குனி ஆமை அதுக்கு அப்பால்தான் நெறைய வரும்” என்றார். அந்த ஆமைக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயரே பங்குனி ஆமைதான்.

பிப்ரவரியில், மூன்றாவது நடையில், திருவான்மியூரைத் தாண்டியதும் முன்னே போனவன் கையை உயர்த்தினான். எல்லோரும் நின்றோம். கடலிலிருந்து ஈர மணலைக் கடந்து ஒரு தடம் மேலே ஏறியிருந்தது. சிறிய மாட்டு வண்டி ஒன்று தண்ணீரிலிருந்து புறப்பட்டு வந்தாற்போல. மேலே போன தடம் மட்டும்தான் இருந்தது. திரும்பிய தடம் இல்லை.

“இன்னும் மேலேதான் இருக்கிறாள்” என்று என் பெண் என் காதில் கிசுகிசுத்தாள். அவள் கை என் சட்டையைப் பிடித்துக்கொண்டது. பத்து வயதுக்குப் பிறகு அவள் அப்படிப் பிடித்து நான் அறியேன்.

மணலில் மண்டியிட்டுக் காத்திருந்தோம். பின்புறமாகத் தவழ்ந்து போய்ப் பார்த்தேன். பின் துடுப்புகள் இரண்டும், பாட்டி மாவடு ஜாடியில் கை விட்டு எடுப்பாளே, அப்படி மணலை அள்ளி அள்ளி வெளியே போட்டுக்கொண்டிருந்தன. ஒரு சிட்டிகை மணல்கூடத் திரும்ப உள்ளே விழவில்லை. குழி ஒரு முழ ஆழம் இருக்கும். வாய் குறுகி அடி அகன்ற கூஜா மாதிரி. தன் பின்னால் என்ன நடக்கிறது என்று அந்த ஜீவன் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

பிறகு முட்டைகள் விழத் தொடங்கின. இரண்டு, மூன்று, ஒன்று, மறுபடி இரண்டு. மேஜைப் பந்தாட்டத்தில் உபயோகிக்கிற பந்து போல வெள்ளை வெளேரென்று. நூற்றுப் பதினான்கு என்று பிறகு எண்ணினார்கள். கண்ணிலிருந்து நீர் வழிந்தது. உடம்பில் சேரும் உப்பை வெளியேற்றுகிற வழி அது என்று வைத்திய மாணவன் விளக்கினான். இருக்கட்டும். பிரசவ வலியைப் பக்கத்து அறையிலிருந்து கேட்ட அனுபவம் உள்ள எனக்கு அது வேறு மாதிரித்தான் தோன்றிற்று.

குழியை மூடியபின் உடம்பை இப்படியும் அப்படியும் ஆட்டி, தரையில் மோதி மோதி மணலைக் கெட்டிப்படுத்தியது. பிறகு மெதுவாகக் கடலைப் பார்த்துப் போயிற்று. ஒரு அலை வந்தது. இருந்த இடத்தில் ஆமை இல்லை.

அதன் பிறகு இளைஞர்களின் வேலை. நகரத்துக் கரையில் கூடு அப்படியே இருந்தால் நாய்கள் தோண்டிவிடும். தப்பித்துக் குஞ்சு பொரித்தாலும், தெரு விளக்கைக் கடலென்று நினைத்து சாலைப் பக்கம் போய் மடியும். ஆகையால் முட்டைகளை எடுத்து பெஸன்ட் நகர்க் கரையில் வேலி போட்ட பொரிப்பகத்தில், அதே ஆழம், அதே அகலத்தில் குழி வெட்டிப் புதைக்கிறார்கள். அதற்காக நாடாவால் அளவு எடுத்தார்கள். முட்டையை உருட்டாமல் குலுக்காமல் ஒவ்வொன்றாகத் துணிப் பையில் வைத்தார்கள்.

“அப்பா, நீங்களும் வாருங்கள். கையை உள்ளே விட்டு எடுங்கள்” என்றாள் என் பெண்.

நான் நகரவில்லை.

“பயப்படாதீர்கள், உடையாது. தோல் மாதிரி இருக்கும்.”

“எனக்குத் தெரியும், அம்மா” என்றேன்.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். “உங்களுக்கு எப்படித் தெரியும்?”

பொரிப்பகத்துக்குப் போகிற வழியில் சொன்னேன். ஐம்பது வருஷத்துக்கு மேலாக யாரிடமும் சொன்னதில்லை. சொல்லும்படியான விஷயம் என்றே தோன்றாததுதான் காரணம்.

1972-ல் எனக்குப் பத்து வயது. அப்பாவுக்குச் சதுரங்கப்பட்டினத்தில் உத்தியோகம். அங்கே கடலோரம் டச்சுக்காரர்கள் கட்டிய பழைய கோட்டை ஒன்று இருக்கிறது. விடியற்காலையில் நானும் இன்னொரு பையனும் கரையில் தடம் பார்த்துக் கூட்டைத் தோண்டுவோம். பாதி முட்டைகளை அவன் எடுத்துப் போய் விற்பான். எனக்கும் பங்கு வரும். அதில் முறுக்கு வாங்குவேன். மீதி முட்டைகளைக் கோட்டைச் சுவரில் எறிந்து விளையாடுவோம். யார் எறிந்தது உயரமான செங்கல்லில் படுகிறது என்று பந்தயம். சுவரெல்லாம் மஞ்சளாக வழியும். யாரும் எங்களைக் கடிந்துகொண்டதில்லை. இன்றைக்கு அதே காரியத்தைச் செய்தால் சிறைக்குப் போகவேண்டும். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் புலி இருக்கிற அதே முதல் அட்டவணையில் இந்த ஆமையும் இருக்கிறது.

என் பெண் கோபிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் வணிகவியல் மாணவி என்பதை மறந்துவிட்டேன்.

“எத்தனை கூடு இருக்கும், அப்பா?”

“ஒரு பருவத்தில் நாலைந்து. இரண்டு வருஷம் அங்கே இருந்தோம்.”

“பத்து என்று வைத்துக்கொள்ளலாம். கூட்டுக்கு நூறு என்றாலும் ஆயிரம் முட்டை. ஆயிரத்தில் ஒன்றுதான் வளர்ந்து பெரிய ஆமையாகிறது என்கிறார்கள். அப்படியானால் கடலுக்கு நீங்கள் பாக்கி ஒரே ஒரு ஆமைதான்.”

“அவ்வளவுதானா!” என்று பெருமூச்சு விட்டேன்.

“அவ்வளவுதான். ஆனால் அந்த ஒன்றைத் திருப்பித் தர ஆயிரம் முட்டை வேண்டும்” என்றாள்.

இப்படியாக, துணைக்குப் போனவன் கடன்காரனாகித் திரும்பினேன். அந்தப் பருவம் முடிகிறவரை வாரம் தவறாமல் நடந்தேன். முழங்கால் வலி குறைந்தது என்று சொன்னால் டாக்டர் நம்பமாட்டார்.

வீட்டில் ஆமைப் பேச்சு சகஜமாயிற்று. “ஆமை முட்டையிட்டுவிட்டுப் போய், கடலில் இருந்தபடியே நினைத்து நினைத்துக் குஞ்சு பொரிக்குமாம், பெரியவர்கள் சொல்வார்கள்” என்றாள் சகதர்மிணி ஒரு நாள். “நினைப்பு இல்லை, அம்மா, மணலின் சூடு. சுமார் நாற்பத்தைந்து நாளிலிருந்து பொரிக்க ஆரம்பிக்கும். மணல் குளிர்ச்சியாக இருந்தால் ஆண் குஞ்சு அதிகம், சூடாக இருந்தால் பெண் குஞ்சு” என்றாள் பெண். “அதுதான் சித்திரையில் பிறந்த நீ இப்படி இருக்கிறாய்” என்று பதில் வந்தது. ஆனால் ராத்திரி நடையை மட்டும் அவள் ஒப்புக்கொள்ளவேயில்லை. நாங்கள் கிளம்பும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்துவிடுவாள்.

மறுவருஷம், 2025 ஜனவரி வந்தது. அதை எழுதத்தான் தயக்கமாக இருக்கிறது.

செத்த ஆமைகள் கரை ஒதுங்கத் தொடங்கின. ஒன்றிரண்டு எல்லா வருஷமும் ஒதுங்குவதுதான். அந்த வருஷம் தினமும் ஒதுங்கின. மாதம் முடிவதற்குள் சென்னையிலும் அடுத்த கரைகளிலுமாக ஆயிரத்துக்கு மேல் என்று பத்திரிகைகளில் வந்தது. நான் பார்த்தவரைக்கும் அநேகமாக எல்லாம் கழுத்து வீங்கி, கண் பிதுங்கி இருந்தன. நீரில் மூச்சுத் திணறிச் செத்ததன் அடையாளம் அது. கடலில் வாழ்ந்தாலும் ஆமைக்கு நம்மைப் போல நுரையீரல்தான். அவ்வப்போது மேலே வந்து மூச்சு விட வேண்டும். விசைப்படகின் இழுவலை மணிக் கணக்காக அடியில் இழுபடும்போது அதில் மாட்டிக்கொண்டால் மேலே வர வழியில்லை.

ஆமைப் பருவத்தில் கரையிலிருந்து ஐந்து கடல் மைலுக்குள் இழுவலை போடக் கூடாது என்று உத்தரவு இருக்கிறது. வலையில் கம்பிச் சட்டம் ஒன்றைப் பொருத்தி, ஆமை மட்டும் தப்பிப் போகிற மாதிரி வழி வைக்கலாம்; அதற்கும் சட்டம் உண்டு. அந்த வழியாக மீனும் போய்விடுகிறது, டீசல் விற்கிற விலையில் கட்டுபடியாகாது என்கிறார்கள் படகுக்காரர்கள். கொட்டிவாக்கத்துப் பெரியவரோ, “கரைக்குக் கிட்டக்க வந்து இழுத்தா எங்க வலையும்தான் சார் கிழியுது. ஆமைக்கு நீங்க கேக்குறீங்க. எங்களுக்கு யாரு கேக்குறது?” என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை.

என் பெண்ணுக்கு அந்த மாதம் கொடுத்த வேலை, செத்தவைகளை எண்ணுவது. ஒவ்வொன்றையும் அளந்து, ஆணா பெண்ணா என்று குறித்துக்கொண்டு, மறுபடி எண்ணிவிடாமல் இருக்க அடையாளம் போட வேண்டும். ஒரு நாள் வீட்டுக்கு வந்தவள் குளித்துவிட்டு வந்து கூடத்தில் உட்கார்ந்தாள். தட்டைத் தொடவில்லை.

“பெரியதாக வளர்வதற்கே பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது, அப்பா. வளர்ந்தபின் பிறந்த கரைப் பக்கமே முட்டையிட வருகின்றன. இன்றைக்கு ஒரு பெண் ஆமையை அளந்தேன். வயிறு நிறைய முட்டை. பதினைந்து, இருபது வருஷத்துக்கு முன்னால் யாரோ ஒரு அக்காவோ அண்ணாவோ அதைக் கூடையில் கொண்டுபோய் விட்டிருப்பார்களோ என்னவோ. ஆயிரத்தில் ஒன்றாகத் தப்பித்தது அது. அதைத்தான் எண்ணிக்கொண்டிருக்கிறேன். நாங்கள் நூறு முட்டையைத் தூக்கிக்கொண்டு நடப்பதில் என்ன பிரயோஜனம்?”

முப்பத்தைந்து வருஷம் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து, எந்தக் கடிதத்துக்கும் பதில் எழுதிப் பழகியவன் நான். அன்று ஒரு வாக்கியமும் வரவில்லை. “இன்றைக்குப் போக வேண்டாம், அம்மா. படுத்துக்கொள்” என்றேன். அவளும் போய்ப் படுத்துவிட்டாள்.

மணி பதினொன்று இருக்கும். சமையலறையில் விளக்கு எரிந்தது. எட்டிப் பார்த்தேன். சகதர்மிணி சுக்குக் காப்பியைப் பிளாஸ்கில் ஊற்றிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் வாழை இலையில் நாலு இட்லி, மிளகாய்ப் பொடி. எல்லாவற்றையும் பையில் வைத்துப் பெண்ணின் அறைக் கதவைத் தட்டினாள்.

“மணியாகிவிட்டதே, எழுந்திரு. உயிரோடு வருகிறதைப் பார்ப்பதற்கு அங்கே ஆள் வேண்டாமா?”

என் பக்கம் திரும்பி, “நீங்கள் என்ன வேடிக்கை பார்க்கிறீர்கள்? சட்டையைப் போட்டுக்கொள்ளுங்கள்” என்றாள்.

அன்று ராத்திரி கூடு ஒன்றும் கிடைக்கவில்லை. செத்தது இரண்டு கிடந்தன. நாலு இட்லியைப் பன்னிரண்டு பேர் பங்கு போட்டுக்கொண்டோம்.

பிப்ரவரி இறுதியில் என் கையாலேயே ஒரு கூடு எடுத்தேன். குச்சியால் மணலைக் குத்திப் பார்த்து, மெத்தென்று இறங்குகிற இடத்தைக் கண்டுபிடித்ததும் நான்தான். பழைய வித்தை மறக்கவில்லை. பொரிப்பகத்தில் அந்தக் கூட்டுக்கு ஒரு குச்சி நட்டு, தேதியும் முட்டைக் கணக்கும் எழுதினார்கள்.

ஏப்ரலில் அந்தக் கூட்டுக்கு மேலே கவிழ்த்திருந்த கூடைக்குள் சலசலப்புக் கண்டது. அன்று மாலை சகதர்மிணியும் கூட வந்தாள். வேளாங்கண்ணிக் கோவிலுக்கு வந்தவர்கள், சுண்டல் விற்கிறவர்கள், குழந்தைகள் என்று நல்ல கூட்டம். கயிறு பிடித்து எல்லோரையும் பின்னால் நிறுத்தினார்கள். இளைஞர்கள் குஞ்சுகளைத் தண்ணீரிலிருந்து சற்று எட்டி மணலில் விட்டார்கள். அவை தாமாகத்தான் நடந்து போகவேண்டுமாம்.

உள்ளங்கையில் அடங்குகிற கறுப்புக் குஞ்சுகள். நின்று, நடந்து, உருண்டு, மறுபடி நடந்தன. ஒவ்வொன்றாக அலை தூக்கிக்கொண்டு போயிற்று. ஒன்று மட்டும் எதிர்ப்பக்கம் திரும்பி, கடை விளக்கைப் பார்த்துப் புறப்பட்டது. சகதர்மிணி, “ஏய், ஏய், அந்தப் பக்கம் இல்லை!” என்று கயிற்றைத் தாண்டி ஓடினாள். வெளிச்சத்தை மறைத்து, மணலில் உட்கார்ந்து முந்தானையைத் திரைபோல விரித்துப் பிடித்தாள். குஞ்சு சற்று யோசித்தது. பிறகு திரும்பிற்று. அது அலையில் மறைகிறவரை அவள் முந்தானையைக் கீழே விடவில்லை.

“அறுபத்தெட்டு” என்று என் பெண் நோட்டில் எழுதினாள்.

“அறுபத்தொன்பது” என்றாள் அவள் அம்மா.

“இல்லை, அம்மா. நான் ஒவ்வொன்றாக எண்ணினேன்.”

“நானும்தான் எண்ணினேன். விளக்கைப் பார்த்துப் போனதே, அப்போது நீ என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாய். அதை விட்டுவிட்டாய்!”

ஆட்டோவில் மந்தைவெளி வருகிற வரைக்கும் இந்தத் தகராறு தீரவில்லை. வீட்டு வாசலில் இறங்கியதும் என் பெண் தெரு விளக்கின் கீழே நின்று நோட்டைப் பிரித்து, எட்டை அடித்து ஒன்பது என்று திருத்தினாள். பக்கத்தில் தன் கையெழுத்தைப் போட்டு, அம்மாவையும் ஒரு கையெழுத்துப் போடச் சொன்னாள்.